ஆளுநருக்கு ரூவியிலிருந்து ஒரு கண்டனம்

ராசா அங்கிள் ஆளுநரான செய்தியை முதலில் வெளியிட்டது அவருடைய பத்திரிகைதான். வேறு எந்தப் பத்திரிகையும் அதை வெளியிடவில்லை என்பதால் இதில் போட்டி கிடையாது.

முழுப் பெயர் ஆனந்தராசா. யாழ்ப்பாணத்துக்காரர். துபாய் சத்வாவில் தையற்கடைகளுக்கு நடுவே ஒரு டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார். விசா, லேபர் கார்டு, மருத்துவச் சோதனை என்று யாருக்கு எந்த விண்ணப்பம் வேண்டுமானாலும் அரபியில் அடித்துக் கொடுப்பார். வியாழக்கிழமை மட்டும் அதே கம்ப்யூட்டரில், அதே பிரிண்டரில், ‘கரைச்செய்தி’ என்ற நாலு பக்கத் தமிழ் வாரப் பத்திரிகை பிறக்கும். வெளியீட்டாளர், ஆசிரியர், பிரிண்டரில் தாள் சிக்கினால் இழுப்பவர் எல்லாம் அவரே. துணை ஆசிரியர் நான். பெயர் துவாரகன், கல்லூரியில் மூன்றாம் வருடம். எனக்குச் சம்பளம் இல்லை, விசிட்டிங் கார்டு உண்டு.

பத்திரிகையின் உயிர் வாசகர் கடிதம். சிக்கல் என்னவென்றால் எங்கள் வாசகர்கள் வாசிப்பார்கள், எழுத மாட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி பார்த்து, ரூமுக்கு வந்து, குளிக்க வரிசையில் நின்று, சமைத்துச் சாப்பிட்ட மனிதன் அதற்குப் பிறகு ‘அன்புள்ள ஆசிரியருக்கு’ என்று ஆரம்பிப்பானா? ஆகவே ஆறு வருடமாக எல்லாக் கடிதங்களையும் அங்கிளே எழுதிவந்தார். சின்னப் பத்திரிகை நடத்துகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரு சுந்தரம்பாள் வாய்ப்பதில்லை.

சுந்தரம்பாள், தலைவி, மாதர் வாசகர் வட்டம், ரூவி, மஸ்கட்.

அவர் எழுதினால் தீப்பொறி பறக்கும். பஸ் தாமதமா, பருப்பில் கல்லா, ஊருக்குப் போகும் விமானத்தில் தண்ணீர் தரவில்லையா, அடுத்த வாரம் ரூவியிலிருந்து ஒரு சாத்து. துபாய் என்று போட்டால் யாராவது தேடிப் போய்விடுவார்கள் என்பதால்தான் அங்கிள் அவரை ஓமானில் குடிவைத்திருந்தார். ரூவியில் இந்தியக் கடைகளும் மலிவு ஹோட்டல்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு சுந்தரம்பாள் இல்லை என்று யாரால் சத்தியம் செய்ய முடியும்?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது பத்திரிகைக்கு உண்மையான வாசகர் ஒருவர் ஃபோன் செய்துவிட்டார்.

அங்கிள் நம்பவில்லை. “ஆர் கதைக்கிறது? சுகிர்தனே? விசர்க்கதை கதையாதையடா” என்று, ஏதோ நண்பரின் விளையாட்டாக நினைத்து இரண்டு தரம் வைத்துவிட்டார். மூன்றாவது தரம் நான் எடுத்தேன்.

“அண்ணே, வச்சுராதீக. எம்பேரு கார்மேகம். முதுகுளத்தூர் பக்கம். ராஸ் அல் கைமாவுல கடலுக்குள்ள மண்ணக் கொட்டித் தீவு ஒண்ணு கட்டுறாகல்ல, அதுல மேசன் வேலை.”

அவர் சொன்னது இது. தீவில் பெரிய ஹோட்டல் எழும்புகிறது. அறுநூற்று நாற்பது பேர் அங்கேயே கேம்ப்பில் தங்கி வேலை பார்க்கிறார்கள். கம்பெனிப் படகு சிமெண்ட், டைல்ஸ், தண்ணீர் எல்லாவற்றையும் வாரத்தில் ஆறு நாள் சுமக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்கு லீவு. படகுக்கும் லீவு. ஆக, லீவு நாளில் தீவைவிட்டு நகர வழியில்லை.

“அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்டேன். துணை ஆசிரியர் என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

“எம் பொஞ்சாதி மாரியம்மா எதுத்த கரையில ஒரு அரபி வீட்டுல வேலை செய்யிறா அண்ணே. அவளுக்கும் ஞாயித்துக்கிழமைதான் லீவு. நடுவுல மூணு கிலோமீட்டர் தண்ணி. அஞ்சு மாசமாச்சு. அவ கரைக்கு வந்து நின்னு துப்பட்டாவ ஆட்டுவா. நான் இங்கேருந்து ஹெல்மெட்ட ஆட்டுவேன். அம்புட்டுத்தேன் எங்க குடும்பம்.”

“அவ்வளவு தூரத்துல தெரியுமா?”

“எங்க தெரியுது? போன வாரம் வேற யாரோ ஒரு பொம்பளைக்கு அரை மணி நேரம் ஆட்டியிருக்கேன்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அங்கிள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். “தம்பி! ஊரிலை இருந்தா மூவாயிரம் கிலோமீட்டர் எண்டு மனசைத் தேத்தலாம். மூண்டு கிலோமீட்டரை எப்பிடியடாப்பா தேத்துறது? முதல் பக்கம்! பெரிய எழுத்து!”

‘ஞாயிறுக்குப் படகு விடு!’ என்று அந்த வாரம் போட்டோம். அடுத்த வாரமும் போட்டோம். பதினொரு வாரம் அதையே போட்டோம். சுந்தரம்பாள் பதினொரு கடிதம் எழுதினார். கேம்ப்புகளில் பத்திரிகை கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. பன்னிரண்டாவது வாரம் புதன்கிழமை, வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கார் எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. உடனே பிரிண்டரைத் துணி போட்டு மூடினோம். ஏன் மூடினோம் என்று இன்றுவரை தெரியாது.

இறங்கியவர் ஹஸ்னைன். தீவைக் கட்டும் கம்பெனியின் ப்ராஜெக்ட் மேனேஜர், லாகூர்க்காரர். தமிழ் தெரியாது. கம்பெனியின் ஸ்டோர்கீப்பர் கௌஸ் முகைதீன் அவருக்குப் பத்திரிகையைப் படித்து மொழிபெயர்த்துச் சொல்வார். அந்த கௌஸ் முகைதீனும் பின்னாலேயே இறங்கினார். கீழக்கரைக்காரர், அத்தர் வாசனை அவருக்கு முன்னால் கடைக்குள் வந்தது.

“ஆனந்த் பாய்” என்றார் ஹஸ்னைன், இந்தியில். “என் தீவைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிகிறது. நீங்களே வந்து நடத்துங்கள்.”

விஷயம் என்னவென்றால், தீவில் தொழிலாளர் கேம்ப்பை மேற்பார்க்கும் ‘கேம்ப் பாஸ்’ வேலைக்கு வந்த மூன்று பேர் வரிசையாக ஓடிப்போயிருந்தார்கள். கேம்ப் பாஸ் என்ற பெயருக்கு மரியாதை இல்லை என்று கம்பெனி ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தது. வசதியைக் கூட்டுவதைவிடப் பதவியின் பெயரைக் கூட்டுவது சுலபம். அவர் நீட்டிய கடிதத்தில், கம்பெனி முத்திரைக்குக் கீழே, ‘கவர்னர், தீவுப் பிரதேசம்’ என்று இருந்தது.

அங்கிள் அதை மூன்று முறை படித்தார். 

“படகும் எனக்குக் கீழை வருமோ?”

கௌஸ் முகைதீன் அதை மொழிபெயர்த்தார். “எல்லாமே உங்களுக்குக் கீழேதான்” என்றார் ஹஸ்னைன். “ஒரே ஒரு நிபந்தனை. கவர்னர் கம்பெனியைப் பற்றித் தவறாக எழுதக் கூடாது.”

“நான் ஏன் எழுதப்போறன்? ஒப்பமிட்டால் முடியிற அலுவலுக்கு!” என்று கையெழுத்துப் போட்டார். கார் போனதும் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “தம்பி, பத்திரிகை இனி உன்ர பொறுப்பு. திங்கக்கிழமை பதவியேற்பு, ஞாயிறு முதல் படகு! கார்மேகத்துக்குச் சொல்லு, சேட்டை அயர்ன் பண்ணச் சொல்லு!”

கார்மேகம் சட்டையை அயர்ன் பண்ணினார். அங்கிள் திங்கட்கிழமை கோட்டு சூட்டோடு சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தன் பிரதேசத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அறுநூற்று நாற்பது பேரும் விசில் அடித்து வரவேற்றார்கள். ஆளுநர் தன் முதல் உத்தரவை மைக்கிலேயே அறிவித்தார். “இந்த ஞாயிறு முதல் படகு ஓடும்!” விசில் சத்தத்தில் ஜெனரேட்டர் சத்தமே கேட்கவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை ஹஸ்னைன், படகு மரைன் செக்‌ஷனுக்குக் கீழே வருகிறது என்று விளக்கினார். எல்லாம் ஆளுநருக்குக் கீழே என்றால் படகு நீங்கலாக எல்லாம் என்று அர்த்தம். புதன்கிழமை சமையலறை கேட்டரிங் செக்‌ஷனுக்குப் போனது. தண்ணீரும் ஜெனரேட்டரும் வியாழன் காலைக்குள் போய்விட்டன. வியாழன் மாலை ஆளுநரின் அதிகார எல்லை தெளிவாகிவிட்டது: போர்ட்டகேபின் என்ற ஒரு பெட்டி அறை, ஒரு மேசை, ஒரு முத்திரை, ஒரு மைக், ஒரு பூனை. பூனையின் பெயர் மாஃபி. அரபியில் ‘இல்லை’ என்று அர்த்தம். கேம்ப்பில் எதைக் கேட்டாலும் வருகிற பதிலை அதற்குப் பெயராக வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கார்மேகம் அயர்ன் பண்ணிய சட்டையோடு நின்று ஹெல்மெட்டை ஆட்டினார்.

அன்று மதியம் அங்கிள் எனக்கு ஃபோன் செய்தார். 

“என்னை ஏமாத்திப் போட்டாங்கள் தம்பி. அந்தப் பெடியன்ர முகத்தைப் பாக்கேலாமக் கிடக்கு. எழுதவும் ஏலாது, ஒப்பம் வைச்சிட்டன்.”

“நீங்கதானே அங்கிள் எழுதக்கூடாது?” என்றேன். “சுந்தரம்பாள் எங்கயும் கையெழுத்துப் போடேல்லையே.”

 அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று பின்னால் விழும் சத்தம்.

“தம்பி! பேப்பரை எடு!”

அந்த வாரக் கடிதம் இப்படி ஆரம்பித்தது: ‘அன்புள்ள ஆசிரியருக்கு, அந்தத் தீவில் இருப்பது ஆளுநரா, இல்லை வெள்ளரித் தோட்டத்தில் கோட்டு மாட்டி நிறுத்திய பொம்மையா? ஒரு படகை நகர்த்தத் தெரியாதவருக்கு எதற்கு முத்திரை?’ ஆளுநர் தன்னைத் தானே திட்டி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் அச்சிட்டேன். அது தீவுக்குப் போனதும் ஆளுநர் அதைப் படித்து அறுநூற்று நாற்பது பேர் முன்னிலையில் அதிர்ச்சியடைந்தார்.

“எப்பிடி இருக்கு?” என்று கேட்பார் ஃபோனில்.

“இன்னும் கொஞ்சம் போடலாம் அங்கிள்.”

“அப்ப ‘கையாலாகாதவர்’ எண்டு சேர். ‘சொரணை கெட்ட’வும் சேர். அவர் அதுக்குப் பொருத்தமான ஆள்தான்.”

கௌஸ் முகைதீன் இவற்றை ஹஸ்னைனுக்கு மொழிபெயர்ப்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. அவர் சுந்தரம்பாளின் தீவிர ரசிகர். ஆறு வருடக் கடிதங்களையும் வெட்டி ஃபைலில் ஒட்டி வைத்திருந்தார். நாலு வரிக்கு நாற்பது வரி சொல்வார். எல்லாம் சேர்ந்து ஹஸ்னைனுக்குத் தூக்கம் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தலைகால் புரியாத அந்தச் சந்தோஷத்தில்தான் அங்கிள் அந்த வரியை எழுதினார். நானும் அதை அச்சிட்டேன்.

‘இனியும் படகு விடாவிட்டால் நானே நேரில் வருவேன்.’

வெள்ளிக்கிழமை காலை ஹஸ்னைன் ஆளுநரின் போர்ட்டகேபினுக்கு வந்தார். “வரட்டும்” என்றார். “ஞாயிற்றுக்கிழமை வரட்டும். அந்தம்மாவுக்காக நானே படகு அனுப்புகிறேன். பிரியாணி சாப்பிடட்டும். தீவு நன்றாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே ஒரு ஃபோட்டோ. உங்கள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் போடுங்கள். கலாஸ், முடிந்தது.”

“வராவிட்டால்?” என்று கேட்டாராம் அங்கிள்.

“வராவிட்டால் கடிதம் பொய். பத்திரிகை பொய். படகு என்ற பேச்சை இந்தத் தீவில் இனி யாரும் எடுக்கக் கூடாது.”

எனக்கு அப்போது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஃபோன் பதினெட்டு முறை அதிர்ந்தது.

“தம்பி, சுந்தரம்பாள் வேணும்.”

“எத்தனை வரி அங்கிள்?”

“வரியில்லையடா! ஆள்! உயிரோடை! ஞாயித்துக்கிழமைக்கு!”

இரண்டு நாளில் ஒரு தலைவியை எங்கே பிடிப்பது? சத்வாவில் பிளவுஸ் தைக்கும் ரம்ஸியா அக்காவிடம் கேட்டேன். “உங்க பத்திரிகையில போட்ட என் விளம்பரத்துல ஃபோன் நம்பரையே தப்பாப் போட்டீங்க, ஞாபகம் இருக்கா?” என்று கத்திரியைக் காட்டினார். என் வகுப்பில் படிக்கும் மதுஷா ஒத்திகை பார்த்தாள். ஆனால் அவளுக்குத் தமிழில் கோபப்பட வரவில்லை. மூன்றாவது வாக்கியத்தில் கோபம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. மற்றவர்களுக்கு ஞாயிறு டியூட்டி. ஞாயிறு லீவு உள்ள, தமிழில் கோபப்படத் தெரிந்த, அந்தத் தீவின் மேல் உண்மையாகவே கோபமுள்ள ஒரு பெண் வேண்டும் என்று மெட்ரோவில் நின்றுகொண்டு யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது. மூளைக்குள் பட்டாசு வெடித்தால் அப்படித்தான்.

மாரியம்மாளின் நம்பர் என்னிடம் இருந்தது. அவருக்கும் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கார்மேகம் கொடுத்திருந்தார்.

“தம்பி, அங்க அவுக இருப்பாகளா?” என்பதுதான் மாரியம்மாளின் முதல் கேள்வி.

“இருப்பார் அக்கா. ஆனா அவருக்கு விஷயம் தெரியாது. தெரிஞ்சா முகத்துலயே காட்டிக் குடுத்துருவார்.”

“அதுவும் சரிதேன். அவுக மூஞ்சி கண்ணாடி. அந்தச் சுந்தரம்பா யாரு?”

“ஒருத்தரும் இல்ல அக்கா. அப்படி ஒரு ஆளே கிடையாது. நீங்க அவங்க மாதிரி இருக்கணும்.”

“ஆளே இல்லாத மாதிரி இருக்கணும், அம்புட்டுத்தானே? நாலு வருசமா வீட்டு வேலையில அதத்தேன் செய்யிறேன்” என்றார் மாரியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எனக்குத் தெரிந்த எந்தத் தலைவியையும்விடத் தலைவியாக அவர் கரையில் வந்து நின்றார். அரக்குப் பட்டுச் சேலை, கறுப்புக் கண்ணாடி, வீட்டு மேடம் வேண்டாமென்று கொடுத்த பெரிய கைப்பை.  படகோடு வந்திருந்த கௌஸ் முகைதீன் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, ஆறு வருசமா உங்க எழுத்துக்கு நான் அடிமை.”

“சந்தோசம்” என்றார் மாரியம்மாள், கண்ணாடியைக் கழற்றாமல்.

படகு பாதி தூரம் போனதும் கௌஸ் முகைதீனின் மூக்கு அசைய ஆரம்பித்தது. கைப்பையிலிருந்து ஒரு வாசனை. அவருடைய அத்தரையே தள்ளிக்கொண்டு வந்தது.

“கருவாட்டுக் கொழம்பு வாசம் வருதே?”

 மாரியம்மாள் கடலைப் பார்த்தபடியே, “கடல்னா மீன் வாசம் அடிக்காம மல்லியப்பூ வாசமா அடிக்கும்?” என்றார்.

“பேச்சு நம்ம ராம்நாட்டுப் பேச்சாட்டம் இருக்கு?”

“பொறந்தது அங்குட்டு. கட்டிக் குடுத்தது ரூவியில.”

கௌஸ் முகைதீனின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. “நம்ம ஊருப் புள்ளையா!”

தீவில் ஏற்பாடு பிரமாதம். அறுநூற்று நாற்பது பேரும் லீவு நாளில் ஹெல்மெட்டும் புது ஜாக்கெட்டும் மாட்டி வரிசையாக நின்றார்கள். பிளாஸ்டிக் பூமாலையோடு ஹஸ்னைன். அவருக்குப் பக்கத்தில், தான் படைத்த பெண்ணை முதன்முதலாக நேரில் பார்க்கப்போகும் ஆளுநர். யாரை அழைத்துவருகிறேன் என்று அவரிடமும் நான் சொல்லவில்லை. கழுத்தில் கேமராவோடு நான் இறங்கியதும் காதில் கிசுகிசுத்தார்.

“ஆரடாப்பா இது? நான் நினைச்ச மாதிரியே இருக்கு!”

மாரியம்மாள் வரிசையைப் பார்வையிட்டபடி நடந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஹஸ்னைன் அதைத் தலைவிகளின் வழக்கம் என்று நினைத்திருப்பார். எண்பது, நூறு, நூற்றிருபது. நூற்று முப்பதாவது ஆளின் முன்னால் நின்றார்.

கார்மேகம் வாயைத் திறந்தார். மூடவில்லை.

என் கேமராவில் அந்தப் படம் இருக்கிறது. ஒன்பது மாதத்தில் கார்மேகம் பாதியாகியிருந்தார். மாரியம்மாளின் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் துடித்தது. கார்மேகத்தின் உதடு ‘மா’ என்று குவிந்தது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்னய்யா இந்த ஆளு இம்புட்டு எளச்சுப் போயிருக்காரு?” என்று ஒரு கர்ஜனை கேட்டது. “என்ன சோறு போடுறீக இவருக்கு? பூனைக்கு வச்ச மிச்சமா?”

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

“இவரு பேரு என்ன?”

“கார்மேகம், அம்மா” என்றார் ஆளுநர்.

“பேச வருமா?”

கார்மேகம் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை.

“இவர நான் பேட்டி எடுக்கணும். தனியா.”

கௌஸ் முகைதீன் மொழிபெயர்த்தார். ஹஸ்னைன் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து நிமிடம்.”

“பத்து நிமிசமா? ஒம்பது மாசத்துக் கேள்வி இருக்கு என்கிட்ட!”

ஆளுநரின் போர்ட்டகேபின் அதற்காக ஒழித்துக் கொடுக்கப்பட்டது. மாஃபி மட்டும் வெளியேற மறுத்து உள்ளேயே இருந்துவிட்டது. கருவாடு காரணம் என்று நினைக்கிறேன். கதவு சாத்தப்பட்டது. நாங்கள் வெயிலில் நின்றோம்.

போர்ட்டகேபினின் சுவர் அட்டைக்குக் கொஞ்சம் அண்ணன். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு ஒரு டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம். பிறகு ஒரு ஆண் அழும் சத்தம். கொஞ்சம் பொறுத்து ஒரு பெண் அழும் சத்தமும் அதோடு சேர்ந்துகொண்டது.

ஹஸ்னைன் வெளுத்துப்போனார். “என்ன சொல்கிறான் அவன்? ஏன் அந்தம்மா அழுகிறார்?”

கௌஸ் முகைதீன் கதவில் காதை வைத்தார். “சார், ஒண்ணும் சரியாக் கேக்கல. ஆனா ரொம்பக் கொடுமையான விசயமா இருக்கும். சுந்தரம்பாளே அழுவுறாங்கன்னா!”

“எழுதுவாரா?”

“எழுதுவாங்களாவா? கொளுத்திருவாங்க சார்.”

இருபது நிமிடம். முப்பது நிமிடம். நடுவே ஒரு முறை உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகையைவிட அந்தச் சிரிப்புதான் ஹஸ்னைனை உடைத்தது. பத்திரிகைக்காரர்கள் சிரித்தால் தலைப்புக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் என யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னது நான்தான், முப்பத்தைந்தாவது நிமிடத்தில்.

“போதும்! கலாஸ்!” என்று கத்தினார். “அந்தம்மாவிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை படகு உண்டு. காலை ஒன்று, மாலை ஒன்று. வேறு எதையும் எழுத வேண்டாம்!”

கதவு திறந்தது. மாரியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் கார்மேகம், மீசையில் குழம்போடு.

“வாய்ப்பேச்சு எதுக்கு?” என்றார் சுந்தரம்பாள். “எழுதி, ஆளுநர் கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுத் தாங்க.”

ஹஸ்னைன் எழுதினார். அங்கிள் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். பதவியேற்று ஏழு வாரத்தில் ஆளுநர் கையெழுத்திட்ட முதல் உத்தரவு அது.  முத்திரையை நாலு தரம் குத்தினார். ஒன்று போதும் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே அறுநூற்று நாற்பது ஹெல்மெட்டுகள் ஆகாயத்தில் பறந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சுந்தரம்பாள் சிரித்தார், நான் கிளிக் செய்தேன். ஹஸ்னைன் கேட்ட ஃபோட்டோவும் கிடைத்துவிட்டது.

திரும்பும் படகில் ஏறுமுன் அங்கிள் என்னை இழுத்துப் பிடித்தார். “உண்மையைச் சொல்லு. ஆர் அவ?”

சொன்னேன். அங்கிள் அப்படியே சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோட்டு முழுக்கச் சிமெண்ட் தூசி. “என்ர கடவுளே” என்றார். “என்னைவிட நல்லா எழுதிப்போட்டாள் எல்லோ!”

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு முதல் படகு கிளம்பியது. ஏறக்குறைய எல்லோரும் ஒரே சமயத்தில் ஏறப் பார்த்ததால் ஆளுநர் மைக்கில் வரிசை போட வேண்டியிருந்தது. கடைசியில் அவருக்கு ஆள ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. முதல் ஆளாக, அயர்ன் பண்ணிய சட்டையோடு கார்மேகம். கரை வரும்வரை உட்காரவே இல்லை என்று சொன்னார்கள். தூரத்தில் துப்பட்டா அசைந்ததும் பழக்கதோஷத்தில் ஹெல்மெட்டை ஆட்டத் தலையில் கையை வைத்திருக்கிறார். அன்று ஹெல்மெட் இல்லை.

மூன்று வாரம் இப்படி இனிதே ஓடியது. நாலாவது வாரம் தபாலில் ஒரு கவர் வந்தது. உண்மையான தபால்தலை ஒட்டியது. ஆறு வருடத்தில் கரைச்செய்திக்கு வந்த முதல் நிஜமான வாசகர் கடிதம்.

‘அன்புள்ள ஆசிரியருக்கு, நான் கடற்கரையில் கண்ட காட்சியை எழுதக் கை கூசுகிறது. ரூவி மாதர் வாசகர் வட்டத் தலைவி மதிப்பிற்குரிய சுந்தரம்பாள் அவர்களும், தீவின் மேசன் கார்மேகம் என்பவரும், ஒரே மாம்பழ ஜூஸில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்தக் கார்மேகத்துக்கு மாரியம்மாள் என்று ஒரு மனைவி இருப்பது தலைவிக்குத் தெரியுமா? அந்தப் பாவப்பட்ட மாரியம்மாளுக்குத்தான் இது தெரியுமா? இதை வெளியிடாவிட்டால் ஹஸ்னைன் சாரிடமே சொல்ல வேண்டிவரும். இப்படிக்கு, மனம் நொந்த கௌஸ் முகைதீன்.’

அங்கிளுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் நாற்காலி விழவில்லை.  ஹஸ்னைன் காதுக்குப் போனால், தோண்டித் துருவினால், படகு போய்விடும்.

“போடாமல் விடுவமே அங்கிள்?”

“வந்திருக்கிறது ஒரே ஒரு உண்மையான கடிதம். அதைப் போடாட்டி நான் என்ன பத்திரிகைக்காரன்? போடு. ஆனா பதில் அவவிட்டைக் கேள். நான் ஒரு வரியும் எழுதமாட்டன்.”

மாரியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். நாலு நிமிடம் சிரித்தார். வீட்டுக் குழந்தைகள் என்னவென்று கேட்கும் சத்தம் வந்தது. பிறகு, “எழுதிக்கங்க தம்பி” என்றார்.

இரண்டு கடிதங்களையும் அந்த வியாழன் பக்கத்துப் பக்கத்தில் வெளியிட்டோம். இரண்டாவது இது:

‘அன்புள்ள கௌஸ் முகைதீன் அண்ணனுக்கு, உங்கள் அக்கறைக்கு நன்றி. சுந்தரம்பாளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நல்ல பெண்தான். என் வீட்டுக்காரர் அவளோடு ஞாயிற்றுக்கிழமை ஜூஸ் குடிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போகச் சொன்னதே நான்தான். நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். படகு மட்டும் நேரத்துக்கு வரட்டும். இப்படிக்கு, மாரியம்மாள்.’

கௌஸ் முகைதீன் இப்போது மாரியம்மாளின் கடிதத்தையும் வெட்டி ஃபைலில் ஒட்டி வைத்திருக்கிறார். இவ்வளவு பெருந்தன்மையான பெண்ணை வாழ்க்கையில் பார்த்ததில்லையாம். ஒரு தடவை நேரில் பார்த்துச் சலாம் சொல்ல வேண்டும் என்று ஞாயிறுதோறும் முதல் படகில் கரைக்கு வந்து, கார்மேகத்தையும் சுந்தரம்பாளையும் தாண்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடிக்கொண்டிருக்கிறார்.